கோ மென்பொருளின் வேகம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோ என்ற பலகை ஆட்டத்தை ஆடுகிறவர்களும், அதை ஆடும் நிரலான இன்ஜினைத் தாங்களே எழுதிப் பார்க்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். கேள்விகளைப் பெரும்பாலும் கேட்டவர்களின் வார்த்தையிலேயே விட்டிருக்கிறேன். முதல் 12 கேள்விகள் இன்ஜினை நிறுவி ஓட்டுகிறவர்களுக்கு, மற்றவை நிரல் எழுதுகிறவர்களுக்கு. பெரும்பாலான குழப்பம் ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. நொடிக்கு எத்தனை நிலைகளைப் பார்க்கிறது என்ற எண்ணையே எல்லோரும் துரத்துகிறார்கள். கொடுத்த நேரத்துக்குள் எவ்வளவு நல்ல இடத்தில் கல் விழுகிறது என்று பார்த்தால் பாதிக் கேள்விகளுக்குத் தானாகவே பதில் கிடைக்கும்.

1. அடுத்த கல்லை எங்கே வைப்பது என்று இன்ஜின் யோசிக்கும்போது உள்ளே என்னதான் நடக்கிறது?

இன்றைய இன்ஜின்களில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று நியூரல் நெட்வொர்க். பலகையின் ஒரு நிலையைக் கொடுத்தால், அடுத்த கல்லுக்கு எந்தெந்த இடங்கள் தோதானவை, இந்த நிலையில் யாருக்கு வெற்றி வாய்ப்பு அதிகம் என்ற இரண்டையும் சொல்லும். இன்னொன்று தேடல். நெட்வொர்க் காட்டிய இடங்களில் கல்லை வைத்து, அதற்கு எதிராளி என்ன செய்வார், அதற்கு நாம் என்ன செய்வோம் என்று மரம்போலக் கிளைவிட்டுப் போகும். நன்றாகத் தெரியும் கிளையை அதிகமாகவும், இதுவரை சரியாகப் பார்க்காத கிளையைக் கொஞ்சமாகவும் ஆராயும். இதற்கு மான்டே கார்லோ மரத் தேடல் என்று பெயர்.

2006-இல் ரெமி கூலோம் தன் கிரேசி ஸ்டோன் இன்ஜினில் இந்த முறையைக் கொண்டுவந்தபோது நெட்வொர்க் கிடையாது. ஒரு நிலையிலிருந்து ஆட்டம் முடியும்வரை ஏறக்குறைய கண்ணை மூடிக்கொண்டு கல் வைத்து, யார் ஜெயித்தார் என்று பார்ப்பார்கள். 2016 மார்ச்சில் கொரியாவின் முன்னணி ஆட்டக்காரர் லீ செடோலை 4-1 என்று வென்ற டீப்மைண்ட் நிறுவனத்தின் ஆல்ஃபாகோவில் நெட்வொர்க்கும் இந்தக் குருட்டாட்டமும் சேர்ந்தே இருந்தன. 2017-இல் வந்த ஆல்ஃபாகோ ஜீரோ குருட்டாட்டத்தை முழுக்கக் கைவிட்டது. அதோடு வேகம் என்ற விஷயமே இடம் மாறிவிட்டது. முன்பு பலகைக் கணக்கை வேகமாக்கினால் இன்ஜின் பலமாகும். இப்போது நேரத்தில் பெரும்பகுதி நெட்வொர்க்கைக் கணக்கிடுவதிலேயே போகிறது.

2. என்னிடம் இருப்பது பழைய மெஷின், கிராபிக்ஸ் கார்டும் இல்லை. ஓடுமா?

ஓடும். கட்டாகோ என்ற இலவச இன்ஜினில் சிபியுவை மட்டும் வைத்து ஓடும் ஐகன் பதிப்பு இருக்கிறது. உங்கள் சிபியு ஏவிஎக்ஸ்2 வகைக் கட்டளைகளை ஏற்குமென்றால் அதற்கென்று தனியாகத் தொகுத்த கோப்பை எடுங்கள், வித்தியாசம் நன்றாகத் தெரியும். கூடவே 10 அல்லது 15 பிளாக் (நெட்வொர்க்கின் அடுக்குத் தொகுதி) கொண்ட சின்ன நெட்வொர்க்கைப் போட்டுக்கொள்ளுங்கள். சில நூறு விசிட்டுகள் (தேடல் மரத்தில் இறங்கி ஒரு நிலையைப் பார்க்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு விசிட்) போதும், அமெச்சூர் ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் எட்டமுடியாத அளவுக்கு ஆடும்.

சிபியுவோடு சேர்ந்தே வரும் கிராபிக்ஸ் இருந்தால் கிராபிக்ஸ் வழியாகக் கணக்கிடும் ஓபன்சிஎல் பதிப்பையும் ஓட்டிப் பாருங்கள். சில மெஷின்களில் அது ஐகனைவிட வேகம், சிலவற்றில் மெதுவு.

3. ஓபன்சிஎல், குடா, டென்சர்ஆர்டி என்று நாலைந்து டவுன்லோடு கிடக்கிறதே, எதை எடுப்பது?

கட்டாகோவை வைத்தே சொல்கிறேன். டேவிட் வூ 2019-இல் வெளியிட்ட இலவசத் திறந்த மூல இன்ஜின் அது. ஓபன்சிஎல் எந்த நிறுவனத்தின் கார்டாக இருந்தாலும் ஓடும். குடாவும் டென்சர்ஆர்டியும் என்விடியா கார்டுகளில் மட்டும்தான். புதிய என்விடியா கார்டுகளில் பொதுவாக டென்சர்ஆர்டிதான் முந்தும். ஆனால் நிறுவுவது தொல்லை, அது கேட்கும் நூலகத்தின் பதிப்பு எண்கூட அப்படியே பொருந்த வேண்டும்.

முதலில் ஓபன்சிஎல் போடுங்கள். எந்தக் கூடுதல் நூலகமும் இல்லாமல் ஓடிவிடும், ஒப்பிட்டுப் பார்க்க ஓர் அடிப்படை எண்ணும் கையில் இருக்கும். அப்புறம் டென்சர்ஆர்டிக்கு மாறி எவ்வளவு கூடுகிறது என்று பாருங்கள். டென்சர் கோர் (நெட்வொர்க் கணக்குக்கென்றே உள்ள பகுதி) உள்ள கார்டுகளில் 16 பிட் துல்லியத்தில் கணக்கிடுவதும் பெரிய லாபம். துல்லியம் குறைவதால் ஆட்டம் பலவீனமாகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம், நடைமுறையில் அந்த வித்தியாசம் தெரியாது.

4. முதல் தடவை திறந்ததும் பல நிமிஷம் அப்படியே உறைந்து நிற்கிறது. கெட்டுப்போய்விட்டதா?

இல்லை. ஓபன்சிஎல் பதிப்பு முதல் தடவை உங்கள் கார்டுக்கு எந்த அமைப்பு வேகமானது என்று பல வழிகளை ஓட்டிச் சோதித்து, முடிவை ஒரு கோப்பில் எழுதி வைத்துக்கொள்கிறது. அடுத்த தடவையிலிருந்து உடனே திறக்கும். கார்டை மாற்றினாலோ வேறு அளவு நெட்வொர்க்கைப் போட்டாலோ மறுபடி நடக்கும்.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், சபாகி, லிசி மாதிரி முகப்பு வழியாகத் திறக்கும்போது உள்ளே நடப்பது கண்ணில் படாது. செத்துவிட்டது என்று நினைத்து மூடிவிடுகிறோம், சோதனை பாதியில் அறுந்து அடுத்த தடவையும் முதலிலிருந்து தொடங்குகிறது. முதல் ஓட்டத்தை மட்டும் டெர்மினலில் நேராக ஓட்டுங்கள். வரிவரியாக முன்னேற்றம் தெரியும்.

5. விசிட், பிளேஅவுட் இரண்டும் ஒன்றுதானா?

ஒன்றில்லை. போன முறை யோசித்த மரத்தில் நீங்கள் இப்போது இருக்கும் கிளைக்கு ஏற்கெனவே 400 விசிட் இருக்கிறது என்று வையுங்கள். வரம்பை 1000 விசிட் என்று வைத்தால், பழைய 400-உடன் 600 புதிதாகப் பார்த்து நிறுத்தும். 1000 பிளேஅவுட் என்று வைத்தால் புதிதாகவே 1000 பார்க்கும், மொத்தம் 1400. இரண்டு இன்ஜின்களை ஒப்பிடும்போது ஒன்றுக்கு விசிட், மற்றதுக்குப் பிளேஅவுட் வரம்பு வைத்துவிட்டால் அந்த ஒப்பீட்டுக்கு அர்த்தமே இல்லை.

6. பெரிய நெட்வொர்க் எடுக்கட்டுமா, சின்னதை எடுத்து அதிக விசிட் விடட்டுமா?

நெட்வொர்க் கோப்பின் பெயரிலேயே அளவு இருக்கும். பி20சி256 என்றால் 20 பிளாக், ஒவ்வொன்றிலும் 256 சேனல் (இணையாகப் போகும் எண் வரைபடங்கள்). பிளாக் இரட்டித்தால் கணக்கும் ஏறக்குறைய இரட்டிக்கும். சேனல் இரட்டித்தால் கணக்கு நாலு மடங்கு. உள்ளே வரும் ஒவ்வொரு சேனலும் வெளியே போகும் ஒவ்வொரு சேனலோடும் பெருக்கப்படுகிறது என்பதுதான் காரணம். ஆகவே 128 சேனலிலிருந்து 256-க்குப் போவது சின்னத் தாவல் இல்லை. பிளாக் எண்ணை மட்டும் பார்த்தும் முடிவு செய்யாதீர்கள். புதிய 18 பிளாக் நெட்வொர்க்கில் ஒவ்வொரு பிளாக்குக்குள்ளும் பழையவற்றைவிட அதிக அடுக்குகள் இருக்கின்றன.

என் கருத்து இதுதான். ஒரு கல்லுக்கு நீங்கள் கொடுக்கும் நேரத்தில் சில நூறு விசிட்டாவது வரும் என்றால், இருப்பதிலேயே பலமான நெட்வொர்க்கை எடுங்கள். நெட்வொர்க்குக்கே புரியாத ஒரு வடிவத்தை, அதே நெட்வொர்க்கை வைத்து இன்னும் ஆயிரம் கிளை பார்த்தாலும் சரியாக மதிப்பிட நேரமாகும். அந்த நேரத்தில் பத்து இருபது விசிட்தான் வருகிறது என்றால் ஓர் அளவு கீழே இறங்குங்கள். இவ்வளவு குறைந்த விசிட்டில் தேடல் என்பதே பெயரளவுக்குத்தான், ஒரு பொறியை நெட்வொர்க் கவனிக்காமல் விட்டால் அதைத் திருத்த ஆளில்லை.

7. என் சிபியுவில் 16 கோர் இருக்கிறது. த்ரெட் 16 என்று வைத்தால் சரிதானே?

ஜிபியுவில், அதாவது கிராபிக்ஸ் கார்டில், ஓட்டுகிறவர்களுக்குக் கோர் எண்ணிக்கை பெரிதாகப் பொருட்டில்லை. த்ரெட் என்பது மற்றவற்றோடு இணையாக ஓடும் ஒரு வேலைத்தொடர், அதன் வேலை என்னவென்று பாருங்கள். அது மரத்தில் வேரிலிருந்து இறங்கி, புதிய நிலை ஒன்றை அடைந்து, அந்த நிலையை நெட்வொர்க்குக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறது. நேரம் முழுக்கக் காத்திருப்பதுதான். ஜிபியுவோ நிலைகளை மொத்தமாக வாங்கிக் கணக்கிடும்போதுதான் நன்றாக வேலை செய்யும். ஒரே ஒரு நிலையைக் கொடுத்தாலும் எட்டைக் கொடுத்தாலும் அதற்கு ஆகும் நேரத்தில் பெரிய வித்தியாசம் இருக்காது, பஸ் ஒரு ஆளோடு கிளம்பினாலும் நாற்பது ஆளோடு கிளம்பினாலும் பயண நேரம் ஒன்றாக இருப்பதுபோல. ஆகவே கோரைவிட அதிக த்ரெட் வைத்தால் பேட்ச் (ஒரே தடவையில் ஜிபியுவுக்குப் போகும் நிலைகளின் தொகுப்பு) நிரம்பும், நொடிக்கு வரும் விசிட் கூடும்.

ஆனால் எதுவரை? அதைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கத் தேவையில்லை. கட்டாகோவிலேயே பெஞ்ச்மார்க் என்ற கட்டளை இருக்கிறது. அது சில நிலைகளை வெவ்வேறு த்ரெட் எண்ணிக்கையில் ஓட்டி, ஒவ்வொன்றுக்கும் நொடிக்கு எத்தனை விசிட், சராசரி பேட்ச் எவ்வளவு, பலத்தில் என்ன வித்தியாசம் வரும் என்று வரிவரியாக அச்சிட்டு, கடைசியில் ஓர் எண்ணைப் பரிந்துரைக்கும். ஒரு கல்லுக்கு எத்தனை நொடி கொடுக்கப் போகிறீர்கள் என்பதும் அந்தக் கணக்கில் சேரும். நீங்கள் உண்மையில் ஆடப்போகும் நெட்வொர்க்கையும் நேரத்தையும் கொடுத்து ஓட்டுங்கள். நெட்வொர்க்கை மாற்றினால் மறுபடி ஓட்டுங்கள். சிபியு மட்டும் உள்ளவர்களுக்கு விடை வேறு, அங்கே கோர் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே நிற்கும்.

8. த்ரெட்டை ஏற்றினேன், நொடிக்கு வரும் விசிட் இரட்டிப்பானது. ஆனால் ஆட்டம் பலமாகவே இல்லையே, ஏன்?

இது நியாயமான கேள்வி. எட்டு த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் மரத்தில் இறங்குகின்றன என்று வையுங்கள். முதல் த்ரெட் இருப்பதிலேயே நல்ல கிளையில் போய்ப் பதிலுக்குக் காத்திருக்கிறது. பதில் வராததால் மரத்தில் எதுவும் மாறவில்லை, இரண்டாவதும் அதே கிளைக்கே போகும். எட்டும் ஒரே நிலையில் குவிந்தால் ஏழு பேர் உழைப்பு வீண். அதைத் தவிர்க்க, பதில் வரும்வரை அந்தக் கிளை தோற்றுவிட்டது போலத் தற்காலிகமாக எழுதி வைக்கிறார்கள். இதை வர்ச்சுவல் லாஸ் என்பார்கள். இப்போது இரண்டாவது த்ரெட் அடுத்த நல்ல கிளைக்குப் போகும், மூன்றாவது அதற்கடுத்ததுக்கு. 64 த்ரெட் வைத்தால் கடைசியில் இறங்குபவை, சாதாரணமாகத் தேடல் எட்டியே பார்த்திருக்காத இடங்களுக்குப் போய்விடும். எண்ணிக்கையில் அவையும் விசிட்தான். ஆனால் முந்தைய பதில்களைத் தெரிந்துகொண்டு எடுத்த விசிட் இல்லை.

மொத்தம் 10,000 விசிட் ஓடும்போது 64 த்ரெட்டால் வரும் சேதம் கரைந்துவிடும். மொத்தமே 100 விசிட் என்றால் முதல் 64 இறக்கமும் ஏறக்குறைய குருட்டுத்தனமாக நடக்கிறது. ஆகவே விசிட் குறைவாக இருந்தால் த்ரெட்டும் குறைவாக இருக்கட்டும். இரட்டிப்பு விசிட்டால் கிடைக்கும் லாபமும் மேலே போகப் போகச் சுருங்கும். 100-இலிருந்து 200-க்குப் போவது தரும் பலத்தை 10,000-இலிருந்து 20,000-க்குப் போவது தராது.

முடிந்த ஆட்டத்தை அலசுகிறவர்களுக்கு இதில் ஒரு நல்ல வழி உண்டு. 250 நிலைகளை ஒன்றன்பின் ஒன்றாக 16 த்ரெட்டில் ஓட்டாதீர்கள். 16 நிலைகளை ஒரே சமயத்தில், ஒவ்வொன்றுக்கும் ஒரு த்ரெட் என்று ஓட்டுங்கள். பேட்ச் அதேபோல நிரம்பும், வர்ச்சுவல் லாஸ் தொல்லை அறவே இல்லை. கட்டாகோவின் அனாலிசிஸ் முறையில் இதற்கென்றே இரண்டு தனி எண்கள் இருக்கின்றன: எத்தனை நிலைகள் ஒரே சமயத்தில், ஒவ்வொரு நிலைக்கும் எத்தனை த்ரெட்.

9. டாஸ்க் மேனேஜரில் ஜிபியு சும்மா இருப்பதாகக் காட்டுகிறது. இன்ஜின் அதைப் பயன்படுத்தவில்லையா?

விண்டோஸில் அந்தத் திரை வழக்கமாக 3டி வேலையின் வரைபடத்தைத்தான் முதலில் காட்டும். நெட்வொர்க் கணக்கு அதில் வராது. வரைபடத்தின் மேலே உள்ள பெயரைச் சொடுக்கி, கம்ப்யூட் அல்லது குடா என்று மாற்றிப் பாருங்கள். அப்போதும் குறைவாகவே இருந்தால் பேட்ச் நிரம்பவில்லை என்று அர்த்தம், 7-ஆம் பதிலுக்குப் போங்கள்.

10. ஒரே நிலையை இரவு முழுக்க யோசிக்க விட்டேன், காலையில் மெமரி தீர்ந்து மெஷினே நின்றுவிட்டது.

மெமரியைத் தின்பவை இரண்டு. ஒன்று தேடல் மரம். ஒவ்வொரு புதிய விசிட்டுக்கும் அது வளர்ந்துகொண்டே போகும், நீங்கள் வரம்பு வைக்காவிட்டால் தானாக நிற்காது. மற்றொன்று, ஏற்கெனவே கணக்கிட்ட நெட்வொர்க் பதில்களைச் சேமித்து வைக்கும் கேஷ். அதன் அளவு நிலையானது, ஆனால் அமைப்புக் கோப்பில் அதை 2-இன் அடுக்காகக் கொடுக்க வேண்டும் என்பதால் பலர் அதன் தீவிரம் தெரியாமல் ஏற்றிவிடுகிறார்கள்.

கணக்கைப் பாருங்கள். ஒரு பதிலில் 361 இடங்களுக்கும் பாஸுக்குமாக (கல் வைக்காமல் முறையை விடுவது) 362 எண்கள், ஒவ்வொன்றும் 4 பைட், ஆக 1448 பைட். எந்தப் புள்ளி யாருக்குச் சேரும் என்ற வரைபடத்தையும் கேட்டால் ஏறக்குறைய இரட்டிப்பு. அடுக்கு 20 என்றால் 10,48,576 பதில்கள், அதாவது சுமார் 1.5 ஜிபி, வரைபடத்தோடு 3 ஜிபி. 20-ஐ 23 ஆக்குவது மூன்று கூட்டியதுபோலத் தெரியும். உண்மையில் எட்டு மடங்கு, 12 முதல் 24 ஜிபி.

11. லேப்டாப்பில் ஆரம்பத்தில் வேகமாக இருக்கிறது, கொஞ்ச நேரத்தில் விழுந்துவிடுகிறது.

சூடு. வெப்பம் ஏறியதும் சிபியுவும் ஜிபியுவும் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெஞ்ச்மார்க்கைக் குளிர்ந்த மெஷினில் ஓட்டினால் பொய்யான எண் வரும். கொஞ்ச நேரம் ஓடவிட்டுச் சூடான பிறகு எடுங்கள். மின் இணைப்பில் இருக்கிறதா, பேட்டரியில் ஓடுகிறதா என்பதையும் பாருங்கள்.

12. எதிராளி யோசிக்கும்போது இன்ஜின் சும்மா உட்கார்ந்திருக்கிறது. அந்த நேரத்தைப் பயன்படுத்த முடியாதா?

முடியும். எதிராளியின் முறையிலும் யோசிக்கும் வசதியைப் பாண்டரிங் என்பார்கள், அமைப்பில் இயக்கினால் போதும். எதிராளி எதிர்பார்த்த இடத்திலேயே வைத்தால் அந்தக் கிளை முழுக்க அப்படியே கைக்கு வரும், 5-ஆம் கேள்வியில் பார்த்த 400 விசிட் மாதிரி. எதிர்பாராத இடத்தில் வைத்தால் அந்தக் கிளையில் இருக்கும் சொற்பம் மட்டும் மிஞ்சும்.

இன்னொரு வழி சீக்கிரம் நிறுத்துவது. வரம்பு 1000, இதுவரை 700 ஆகிவிட்டது, முதல் இடத்தில் உள்ளதற்கு 450 விசிட், இரண்டாவதற்கு 120. மீதி 300-ஐயும் இரண்டாவதற்கே கொடுத்தாலும் 420-தான், முந்த முடியாது. மேலும் யோசித்துப் பயனில்லை. இப்படி எளிய இடங்களில் மிச்சமாகும் நேரத்தைச் சண்டை நடக்கும் இடங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். அதிக விசிட் பெற்றதைத்தான் ஆடுவேன் என்ற விதி உள்ள இன்ஜினுக்கு மட்டுமே இந்தக் கணக்கு பொருந்தும்.

13. நானே ஓர் இன்ஜின் எழுதுகிறேன். பைத்தானில் மெதுவாக இருக்கிறது, சி பிளஸ் பிளஸுக்கு மாறட்டுமா?

மாறுவதற்கு முன், நிரலின் எந்தப் பகுதியில் எவ்வளவு நேரம் போகிறது என்று அளக்கும் புரொஃபைலரை ஓட்டுங்கள். நேரத்தில் 95 சதவீதம் நெட்வொர்க் கணக்கில் போகிறது என்று வந்தால், மீதி நிரலை அசாத்திய வேகமாக ஆக்கினாலும் மொத்த லாபம் 5 சதவீதம் சொச்சம்தான். மாறாக, மரத்தில் இறங்குவதும் பலகையைப் புதுப்பிப்பதும் சேர்ந்து 60 சதவீதம் என்று வந்தால், அதை ஒன்றுமில்லாமல் செய்தால் இரண்டரை மடங்கு வேகம் கிடைக்கும். அப்போது மாறுவது தகும்.

பைத்தானில் எழுதிய இன்ஜின்களில் அடிக்கடி காண்பது மூன்றாவது வகை. ஜிபியுவும் சும்மா, சிபியுவும் சும்மா, இரண்டும் ஒன்றுக்காக ஒன்று காத்திருக்கின்றன. நிலைகளை ஒவ்வொன்றாக அனுப்புவதுதான் காரணம். மொழியை மாற்றுவதற்கு முன் பேட்ச்சாக அனுப்பும்படி எழுதுங்கள். ஒரு நாள் வேலையில் கிடைக்கும் மிகப் பெரிய லாபம் அதுதான்.

14. பலகையை மெமரியில் எப்படி வைத்தால் வேகம்?

19-க்கு 19 இரட்டை அடுக்கு வேண்டாம், ஒற்றை வரிசையாக வையுங்கள். ஒவ்வொரு வரிசைக்கும் 20 இடம் ஒதுக்கி, கூடுதல் ஒன்றை எல்லைச் சுவராகக் குறியுங்கள். ஒரு வரிசையின் வலச் சுவரே அடுத்த வரிசையின் இடச் சுவராகவும் இருக்கும். மேலும் கீழும் ஒரு வரிசை, கடைசியில் ஒரு புள்ளி சேர்த்து மொத்தம் 20 × 21 + 1 = 421. அண்டைப் புள்ளிகள் எப்போதும் ±1, ±20. ஓரத்தில் இருக்கிறோமா என்ற சோதனையே தேவையில்லை.

ஒட்டிய கற்களை ஒரு கூட்டமாக வைத்து, அந்தக் கூட்டத்தைச் சுற்றியுள்ள காலிப் புள்ளிகளின் எண்ணிக்கையை ஒவ்வொரு கல்லுக்கும் புதுப்பித்துக்கொண்டே போக வேண்டும். பழைய குருட்டாட்டக் காலத்தில் இதற்கு ஓர் அழகான குறுக்குவழி இருந்தது. ஒரே காலிப் புள்ளியை இரண்டு கற்கள் தொட்டால் இரண்டாகவே எண்ணிவிடுவார்கள். பூஜ்யம் ஆனால் கூட்டம் பிடிபட்டது, அதில் பிழை வராது. ஒரே ஒரு காலிப் புள்ளிதான் மிச்சமா என்று அறிய, எண்ணிக்கை, புள்ளி எண்களின் கூட்டுத்தொகை, வர்க்கங்களின் கூட்டுத்தொகை மூன்றையும் வைத்திருப்பார்கள். எண்ணிக்கையை வர்க்கத் தொகையால் பெருக்கினால் கூட்டுத்தொகையின் வர்க்கத்துக்குச் சமம் என்றால் எல்லாம் ஒரே புள்ளிதான். 45, 45 என்றால் 2 × 4050 = 8100, 90-இன் வர்க்கமும் 8100. 45, 47 என்றால் 2 × 4234 = 8468, ஆனால் 92-இன் வர்க்கம் 8464.

இன்று நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. காலிப் புள்ளி ஒன்றா, இரண்டா, மூன்றா என்பதை நெட்வொர்க்குக்கே உள்ளீடாகக் கொடுப்பது நல்லது, அதற்குச் சரியான எண்ணிக்கை வேண்டும். 1-ஆம் பதிலில் சொன்னபடி பலகைக் கணக்கு மொத்தத்தில் சின்னப் பங்குதான். பிழையில்லாமல் இருப்பதுதான் அங்கே முக்கியம்.

15. ஒரே நிலை வெவ்வேறு வழியில் திரும்ப வந்தால் மறுபடி கணக்கிடாமல் இருக்க முடியுமா?

முடியும், ஆல்பர்ட் ஸோப்ரிஸ்ட் 1970-இல் எழுதிய முறை இன்றும் அதற்குப் போதும். கோ ஆடும் நிரலை முதன்முதலில் எழுதியவர்களில் அவரும் ஒருவர். 361 புள்ளிகள், இரண்டு நிறங்கள், ஆக 722 இடங்களுக்கும் 64 பிட்டில் ஒவ்வொரு சீரற்ற எண். பலகையில் உள்ள கற்களின் எண்களை எக்ஸ்-ஆர் செய்தால் அந்த நிலையின் அடையாளம் கிடைக்கும். கல் வைத்தால் ஒரு எக்ஸ்-ஆர், ஐந்து கல் பிடிபட்டால் இன்னும் ஐந்து. பலகை முழுக்கப் பழைய நிலைக்கே திரும்பக் கூடாது என்ற விதியைச் சோதிக்கவும் இதே எண் உதவும்.

சிக்கல் இங்கேதான். கற்கள் ஒன்றாக இருந்தாலும் நிலை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. யாருடைய முறை, உடனே திருப்பிப் பிடிக்கக் கூடாத புள்ளி எது, கோமி (இரண்டாவதாக ஆடும் வெள்ளைக்குத் தரும் ஈட்டுப் புள்ளி) எவ்வளவு, எந்த விதிமுறை என்பவற்றையும் அடையாளத்தில் சேர்க்க வேண்டும். நெட்வொர்க் முந்தைய கற்களையும் உள்ளீடாக எடுத்தால் அவற்றையும் சேர்க்க வேண்டும். ஆல்ஃபாகோ ஜீரோவுக்கு 8 பலகை நிலைகளின் வரலாறு போனது. வரலாற்றைச் சேர்த்தால் கேஷில் பொருந்துவது குறையும், விட்டால் சற்றே பொருந்தாத பதில் கிடைக்கும். சோதனைப் பதிப்பில் ஒவ்வொரு கல்லுக்குப் பிறகும் அடையாளத்தை அடியிலிருந்து மறுபடி கணக்கிட்டு ஒப்பிடுங்கள். பிடிபட்ட கல்லின் எண்ணை எடுக்க மறந்த பிழை இதில் உடனே மாட்டும்.

16. பலகையைத் திருப்பினாலும் புரட்டினாலும் அதே நிலைதானே, எட்டு வடிவத்தையும் கணக்கிட்டுச் சராசரி எடுத்தால்?

மதிப்பீடு சற்று மேம்படும், செலவு எட்டு மடங்கு. மரத்தின் வேரில் மட்டும் அப்படிச் செய்யலாம். உள்ளே ஒவ்வொரு நிலைக்கும் எட்டில் ஏதோ ஒன்றைச் சீரற்று எடுத்தால் போதும், விசிட்டுகள் கூடக் கூடச் சராசரி தானே வந்துவிடும்.

17. இவ்வளவு பலமான இன்ஜின் ஏணியில் ஏமாறுகிறதே, இன்னும் வேகமான கார்டு வாங்கினால் சரியாகுமா?

ஏணி என்பது ஓடும் கூட்டத்தைப் படிப்படியாகக் குறுக்கே துரத்திக்கொண்டு பலகையின் மறுகோடிவரை போவது. நெட்வொர்க்கின் ஒவ்வோர் அடுக்கும் பக்கத்துப் புள்ளிகளை மட்டுமே பார்ப்பதால், மறுமூலையில் குறுக்கே நிற்கும் ஒற்றைக் கல் பல அடுக்குகளைத் தாண்டித்தான் தெரியவரும். தேடலுக்கும் கஷ்டம், கிளைவிடாத ஒரே கோட்டில் முப்பது நாற்பது கல் ஆழம் போக வேண்டும். லீலா ஜீரோ என்ற திறந்த மூல இன்ஜின் இதில் அடிக்கடி தடுமாறியது. வேகத்தை இரட்டித்தாலும் அந்த ஆழத்தில் சில படிகள்தான் கூடும்.

ஏணியைப் படிக்க மட்டும் ஒரு தனி நிரல் எழுதுவதுதான் வழி. துரத்துபவருக்கு ஒவ்வொரு படியிலும் இரண்டு வழிக்கு மேல் இல்லை, ஓடுபவருக்கு ஏறக்குறைய ஒன்றுதான், ஆகவே அது மிக மலிவு. அதன் முடிவை நெட்வொர்க்குக்கு உள்ளீடாகக் கொடுத்துவிடலாம். கட்டாகோ செய்வது இதுதான்.

18. அப்படியானால் போதுமான விசிட் கொடுத்தால் இன்ஜினைத் தோற்கடிக்கவே முடியாதா?

முடிந்திருக்கிறது. 2022-இல் ஆய்வாளர்கள் கட்டாகோவைத் தோற்கடிப்பதற்கென்றே ஒரு நிரலைப் பயிற்றுவித்தார்கள். வளையமாகச் சுற்றி வரும் கூட்டத்தின் உயிரை நெட்வொர்க் தவறாக மதிப்பிடுகிறது என்று அது கண்டுபிடித்தது. 2023-இல் ஓர் அமெச்சூர் ஆட்டக்காரர் அந்த உத்தியைக் கற்றுக்கொண்டு, ஆடும்போது கணினி உதவி இல்லாமலே 15 ஆட்டங்களில் 14-ஐ வென்றார். விசிட்டை ஏற்றியும் ஓட்டையை முழுதாக அடைக்க முடியவில்லை. 6-ஆம் பதிலில் சொன்ன காரணமேதான்: கிளை எத்தனை பார்த்தாலும் ஒவ்வொரு கிளையின் நுனியிலும் தீர்ப்பு சொல்வது அதே நெட்வொர்க். அந்த மாதிரி நிலைகளைக் கொடுத்துப் பயிற்சி தந்தபோது ஓரளவு தேறியது.

19. ஒரு மாற்றம் செய்தேன், பழைய பதிப்போடு 20 ஆட்டம் விட்டேன், 12-8 என்று புதியது ஜெயித்தது. மாற்றத்தை வைத்துக்கொள்ளலாமா?

இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. இரண்டும் சமபலம் என்றாலே 20-இல் 12 அல்லது அதற்கு மேல் ஒரு குறிப்பிட்ட பக்கம் ஜெயிப்பது நாலில் ஒரு தடவை நடக்கும். இந்த 60-ஐவிடக் குறைவாக 55 சதவீதமே 400 ஆட்டங்களில், அதாவது 220 வெற்றி என்று வந்தால், தற்செயலாக நடக்க வாய்ப்பு நாற்பதில் ஒன்றுதான். அப்போது நம்பலாம். நேரம் இல்லையென்றால் ஒரு கல்லுக்கான நேரத்தைக் குறைத்து ஆட்டங்களைக் கூட்டுங்கள்.

எதைச் சமமாக வைத்தீர்கள் என்பது அடுத்தது. மாற்றம் வேகத்தைப் பற்றியது என்றால் இரண்டுக்கும் சம நேரம் கொடுக்க வேண்டும். சம விசிட் கொடுத்தால் கிடைத்த வேகத்தை நீங்களே பிடுங்கிவிடுகிறீர்கள். தேடல் விதியையோ நெட்வொர்க்கையோ மாற்றியிருந்தால் முதலில் சம விசிட்டில் பார்த்து, பிறகு சம நேரத்திலும் பாருங்கள். விசிட்டுக்கு விசிட் ஜெயித்து நேரத்தில் தோற்கும் மாற்றங்கள் ஏராளம்.

சீரற்ற தன்மை இல்லாமல் ஓட்டினால் இன்ஜின்கள் ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆடும், 400 ஆட்டம் என்பது பெயருக்குத்தான். வெவ்வேறு தொடக்க நிலைகளைத் தயாரித்து, ஒவ்வொன்றையும் நிறம் மாற்றி இரண்டு தடவை ஆடவிடுங்கள். இரண்டு இன்ஜினும் ஒரே ஜிபியுவில் ஓடுகின்றன என்றால் பாண்டரிங்கை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் ஒன்று யோசிக்கும்போது மற்றது அதன் நேரத்தைத் தின்றுகொண்டிருக்கும்.